பாட்டு அமைத்த ஒருவரின் வாழ்க்கையை எழுதப் போகிறீர்களா? பாட்டிலிருந்து தொடங்குங்கள்

யாழ்ப்பாணத்தில் ஊருக்கு ஒருவராவது இப்படி இருந்திருப்பார். பகலில் பள்ளிக்கூடத்தில் சங்கீதம் படிப்பிப்பார். பின்னேரம் வீட்டு விறாந்தையில் பிள்ளைகளை இருத்தி வாய்ப்பாட்டு சொல்லிக் கொடுப்பார். கோயில் கொடியேற்றத்துக்குப் புதிதாக ஒரு கீர்த்தனை அமைப்பார். வயலின், வீணை, புல்லாங்குழல், மிருதங்கம் என்று பத்துப் பதினைந்து பேரைச் சேர்த்துப் பல்லியம் நடத்துவார். அவர் போன பிறகு முப்பத்தோராம் நாள் ஒரு கல்வெட்டு, அதாவது அச்சிட்ட நினைவு மலர், வரும். பெயருக்கு முன்னால் நாலைந்து பட்டங்கள் இருக்கும், பிள்ளைகள் மருமக்கள் பேரப்பிள்ளைகள் பெயர்கள் எல்லாம் இருக்கும். அவர் அமைத்த பாட்டு ஒன்றின் முதல் வரி பெரும்பாலும் இருக்காது.

நான் ஓய்வுபெற்ற சங்கீத ஆசிரியை. என் குருநாதரை நாங்கள் ஐயா என்றுதான் சொல்வோம். அவருடைய வாழ்க்கையை எழுதி முடித்த நாளிலிருந்து, தங்கள் ஊர் ஆசிரியரைப் பற்றி எழுத விரும்பும் பிள்ளைகள் என்னிடம் வந்து எங்கே தொடங்குவது என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட எழுதி வைப்பது நல்லது.

பாட்டு இயற்றிய சாகித்தியகர்த்தா ஒருவரின் வாழ்க்கை அவருடைய பாட்டுகளில் கிடக்கிறது. குழு நடத்தியவரின் வாழ்க்கை அந்தக் குழுவில் வாசித்தவர்களின் கையிலும் காதிலும் கிடக்கிறது. பிறந்த திகதியும் பட்டமும் கடதாசியில் இருப்பவை. இன்னும் இரண்டு வருடம் கழித்துத் தேடினாலும் அவை கிடைக்கும். எண்பது வயதில் ஒரு சங்கதியை, ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடும் அந்த வகையை, நினைவில் வைத்திருக்கும் மாணவி அப்படிக் காத்திருக்க மாட்டார். ஆகவே கடதாசியை விட்டுவிட்டு முதலில் ஆட்களிடம் போங்கள்.

முதலில் பாடக் கூடியவர்

குடும்பத்தாரைத்தான் எல்லோரும் முதலில் தேடிப் போவார்கள். மரியாதைக்குப் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள், அது கட்டாயம். ஆனால் போனை எடுத்துப் பதிவு செய்யத் தொடங்க வேண்டியது அவரிடம் நேரே பாடம் கேட்ட மூத்த மாணவரிடம். யார் என்று தெரியாவிட்டால் ஊர்க் கோயிலில் நெடுங்காலமாகத் திருமுறை பாடுகிறவரைக் கேளுங்கள், வழி காட்டுவார்.

போனவுடன் “ஐயா எப்படிப்பட்டவர்?” என்று கேட்காதீர்கள். “நல்ல மனுசன், அவரைப் போல ஒருத்தர் இனி வரமாட்டார்” என்றுதான் பதில் வரும். அது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் எழுத உதவாது. “அவரிடம் படித்த பாட்டு எது இப்போதும் வாயில் வரும்?” என்று கேளுங்கள். கொஞ்சம் யோசிப்பார், தொண்டையைச் செருமுவார், தொடங்கி விடுவார். பாட்டு வந்தால் அதோடு எல்லாம் வரும்: எந்த மண்டபம், யார் பக்கத்தில் இருந்தது, எந்த இடத்தில் ஐயா கோபப்பட்டார் என்பது வரைக்கும்.

பதிவு செய்யும்போது சில விஷயங்களைக் கவனியுங்கள். போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். மின்விசிறியை நிறுத்தச் சொல்லுங்கள், புழுக்கம் என்றால் பாட்டு முடியும் வரைக்குமாவது. கிணற்றில் மோட்டர் ஓடும் நேரத்தைத் தவிருங்கள். காகத்தை ஒன்றும் செய்ய முடியாது. போனை மேசையில் வைக்காமல் மடித்த துணி மேல், பாடுகிறவரின் வாய்க்கு ஒரு முழம் தள்ளி வையுங்கள்.

சுருதிப் பெட்டியை உடனே போடவேண்டாம். முதலில் அவர் தன் சுருதியில் ஒரு தரம் பாடட்டும். அது எந்தக் கட்டை, அதாவது எந்தச் சுருதி அளவு, என்று பார்த்து, பிறகு அந்தக் கட்டையில் சுருதி வைத்து இரண்டாம் தரம் பாடச் சொல்லுங்கள். வயது போனவர்களுக்குக் குரல் இறங்கியிருக்கும். ஐந்து கட்டையில் பாடிய அக்கா இன்று மூன்றரையில் பாடுவார். நாம் ஐந்தில் வைத்தால் மேல் ஸ்தாயிச் சங்கதிகளை விட்டுவிடுவார், அவை அத்தோடு போய்விடும்.

முதல் தரம் இடையில் மறிக்காதீர்கள், பிழை மாதிரிக் கேட்டாலும் மறிக்காதீர்கள். இரண்டாம் தரம் வரி வரியாக, கையில் தாளம் போட்டுப் பாடச் சொல்லுங்கள். எடுப்பு, அதாவது பாட்டு தாளத்தில் தொடங்கும் இடம், எங்கே என்று அப்போதுதான் தெளிவாகத் தெரியும். தாளத்தின் முதல் அடியான சமத்திலா, அரை இடம் தள்ளியா என்பதைக் கேட்டு எழுதி வைத்தால், வரி வடிவத்தை மட்டும் வைத்துப் பின்னால் வருபவர்கள் குழம்ப மாட்டார்கள். கடைசியாக ஒரு கேள்வி: “இதில் ஐயா சொல்லித் தந்த சங்கதி எது, நீங்கள் சேர்த்தது எது?” பெரும்பாலானவர்கள் இதற்கு மனம் திறந்து பதில் சொல்வார்கள். கேட்டால் மட்டும் சொல்வார்கள்.

இரண்டு மாணவர்கள் ஒரே பாட்டை இரண்டு விதமாகப் பாடினால் எது சரி என்று தீர்ப்புச் சொல்ல வேண்டாம். இரண்டையும் ஸ்வரப்படுத்தி, யாரிடமிருந்து கிடைத்தது என்று பக்கத்தில் எழுதுங்கள். 1970இல் படித்தவருக்கும் 1985இல் படித்தவருக்கும் இடையில் பாட்டையே அவர் மாற்றியிருக்கக் கூடும். அந்த மாற்றமும் அவருடைய வாழ்க்கை வரலாற்றில் ஒரு பக்கம்.

பல்லியத்தை நடத்திய கை

இதுதான் மிகவும் கடினமான பகுதி, எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான். பாட்டுக்குக் கொப்பி இருக்கும். குழுவை நடத்தியதற்கு ஒரு எழுத்தும் இருக்காது. யாரை எங்கே இருத்தினார், காலப்பிரமாணத்தை, அதாவது பாட்டின் வேகத்தை, எப்படிக் கொடுத்தார், ஒருவர் வேகத்தில் முந்தி ஓடினால் எப்படிப் பிடித்து நிறுத்தினார் என்பதெல்லாம் வாசித்தவர்களுக்கு மட்டுமே தெரியும். அவர்களுக்கும் சொல்லாகத் தெரியாது, உடம்பில் இருக்கும்.

ஐயாவின் பல்லியத்தில் முதல் வயலின் வாசித்த அக்கா ஒருவரிடம் போயிருந்தேன். முதலில் அவரும் புகழ்ச்சிதான் சொன்னார். “அக்கா, நீங்கள் எந்தப் பக்கம் இருந்தனீங்கள்?” என்று கேட்டேன். உடனே எழும்பி விறாந்தைக் கதிரைகளை இழுத்து வைக்கத் தொடங்கினார். இது வீணை, இது குழல், இது மிருதங்கம், இதிலே கடம். தன் இடத்தில் தான் இருந்துகொண்டார். இருந்தவுடன் வலக்கை வில் பிடிக்கும் வடிவத்துக்குப் போய்விட்டது. “ஐயா நடுவிலே நிக்கமாட்டார். அந்தத் தூணடியிலே, மிருதங்கத்துக்குப் பக்கத்திலே நிப்பார். கண்ணை மூடிக்கொண்டு நிப்பார். இடக்கையிலே கட்டைவிரல் மட்டும் அசையும். அது மடிஞ்சா நான் எடுக்கோணும்” என்றார். பிறகு சொன்னார்: “ஆரும் ஓடினா ஐயா எங்களைப் பாக்கமாட்டார். கடத்தைத்தான் பாப்பார். கடம் கொஞ்சம் அடக்கி வாசிக்கும், நாங்கள் தானாக் கேட்டுத் திருத்திப்போடுவம்.”

நடத்துநராக அவர் யார் என்பது முழுக்க அந்த நாலு வசனத்தில் இருக்கிறது. சத்தத்தைக் கூட்டிக் குழுவை அடக்காமல், சத்தத்தைக் குறைத்துக் கேட்க வைத்தவர். எந்தப் பாராட்டுரையிலும் எனக்கு இது கிடைக்கவில்லை.

அதனால் இருக்கை வரைபடம் ஒன்று கீறிக்கொண்டு போங்கள், வெறும் அரைவட்டம் போதும். ஒவ்வொருவரிடமும் தான் இருந்த இடத்தையும் பக்கத்தில் இருந்தவரின் பெயரையும் நிரப்பச் சொல்லுங்கள். பெயர் நிரம்ப நிரம்ப, அடுத்து யாரிடம் போவது என்ற பட்டியலும் தானாக வந்துவிடும். பிறகு இப்படிக் கேளுங்கள்: ஒத்திகை எத்தனை மணிக்குத் தொடங்கும்? முதலில் எதை வாசிக்கச் சொல்வார், ஸ்வர வரிசையா, வர்ணமா? ஆளுக்கு ஒரு கொப்பியா, மனப்பாடமா? வாத்தியங்களைப் பிரித்துத் தனித்தனியாகப் பழக்கினாரா? ஒரு பாட்டைக் கைவிட்டது உண்டா, ஏன்? கைவிட்ட பாட்டைப் பற்றிக் கேட்கத் தவறாதீர்கள். அவர் எதை ஏற்றுக்கொள்ளவில்லை என்பதை அதில்தான் அறியலாம்.

தேவாலயப் பாடகர் குழு நடத்தியவரின் வாழ்க்கையை எழுதுகிறவர்களுக்கும் இதே வழிதான். அங்கே நாலு குரலுக்கும் தனித்தனித் தாள்கள் எழுதப்பட்டிருக்கும், ஓரத்தில் பென்சில் குறிகள் இருக்கும். அந்தப் பென்சில் குறிகளைப் படம் எடுங்கள்.

கொப்பிகள்

வீட்டில் அலுமாரியோ பெட்டகமோ திறக்க அனுமதி கிடைத்தால், ஒன்றையும் வெளியே கொண்டுபோகக் கேட்காதீர்கள். இங்கே ஒவ்வொரு குடும்பமும் ஒரு தரமாவது எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடிய குடும்பம். மிச்சம் இருப்பதை அவர்கள் கண்ணில் வைத்துக் காப்பார்கள். அங்கேயே இருந்து படம் எடுங்கள். காலை வெளிச்சத்தில், விறாந்தையில், பிளாஷ் இல்லாமல் எடுப்பது நல்லது. அட்டையில் தொடங்கி வெறும் பக்கம் வரை ஒன்றையும் விடாமல் வரிசையாக எடுங்கள். பின்னட்டையில் கடைக் கணக்கோ மாணவர் பெயரோ இருக்கும். அந்தக் கொப்பி எந்தக் காலத்துக்குரியது என்று பிறகு அதுதான் சொல்லும். கறையான் தின்ற பக்கத்தை விரித்துப் பிரிக்க முயலவேண்டாம்.

கொப்பியில் நல்ல எழுத்தில் இருக்கும் பிரதியை விட, வெட்டித் திருத்திய பிரதி பெறுமதியானது. ஐயாவின் சி.ஆர். கொப்பி ஒன்றில் நல்லூர் முருகன் மேல் ஒரு கீர்த்தனை இருக்கிறது. தலைப்பில் மோகனம் என்று நீல மையில் எழுதி, சிவப்பு மையால் வெட்டி, பிலகரி என்று மாற்றியிருக்கிறார். இரண்டு ராகத்துக்கும் ஏற்றம் ஒன்றேதான், ச ரி க ப த ச. இறங்கும்போது பிலகரிக்கு நியும் மவும் சேரும். அதனால் அவர் மேலே போகும் இடம் ஒன்றையும் தொடவில்லை. இறங்கும் இடங்களில் மட்டும் சிவப்பில் நி, ம என்று செருகியிருக்கிறார். சரணத்தில் முருகனை இறங்கி வா என்று கூப்பிடும் வரி ஒன்று உண்டு. அதற்கு மோகனத்தின் இறக்கம் போதவில்லை என்று சொன்னாராம். கூடப் பாடிய மாணவி நினைவு வைத்துச் சொன்னார். ஒருவர் இருந்து யோசித்ததை இதைவிடக் கிட்ட நின்று பார்க்க முடியாது. உங்களுக்கும் இப்படி ஒரு பக்கம் கிடைத்தால் அதற்கு ஒரு முழு அத்தியாயம் கொடுங்கள்.

கசெற்றுகள்

பழைய கசெற் கிடைத்தால் உடனே போட்டுக் கேட்க ஆசையாக இருக்கும். பொறுங்கள். மேல் விளிம்பில் இரண்டு சிறிய பிளாஸ்டிக் தடுப்புகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் உடைத்துவிடுங்கள், பிறகு தவறுதலாகக் கூட அதன் மேல் பதிய முடியாது. நாடாவில் வெள்ளைப் பூஞ்சணம் தெரிந்தால் போடவே வேண்டாம், அந்த வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள். நன்றாக இருந்தால் ஒரு தரம் முழுக்க முன்னுக்கும் பின்னுக்கும் சுற்றி, பிறகு ஓடவிடுங்கள். போன் ஒலிவாங்கியால் பதியாமல், ரெக்கோடரிலிருந்து வயரால் கணினிக்கு எடுத்து ‘வேவ்’ கோப்பாகச் சேமியுங்கள். எம்பி3 என்பது நண்பர்களுக்கு அனுப்ப மட்டும்.

யாழ்ப்பாணத்துக் கசெற்றுகளில் விசேஷமாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 90களின் முற்பகுதியில் இங்கே மின்சாரம் இல்லை, பற்றரிக்கும் தடை. சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் றேடியோ கேட்டோம், பாட்டுக் கேட்டோம். வலுக் குறைந்த மின்சாரத்தில் பதிந்த கசெற்றில் நாடா மெதுவாக ஓடியிருக்கும். அதை இன்று சரியான வேகத்தில் போட்டால் பாட்டு விரைவாகவும் சுருதி உயர்ந்தும் கேட்கும். வேகத்தில் நூற்றுக்கு ஆறு வித்தியாசம் வந்தாலே சுருதி அரைக் கட்டை மாறிவிடும். “ஐயா அந்தக் காலத்தில் இரண்டு கட்டையில் பாடினார், காலப்பிரமாணமும் துரிதம்” என்று கசெற்றை மட்டும் நம்பி எழுதினால் அது அவருடைய பாட்டாக இராது, டைனமோவின் பாட்டாக இருக்கும். அவருடைய சுருதி எந்தக் கட்டை என்று மாணவர்களிடம் கேட்டு உறுதி செய்துகொண்டு, ஓடாசிட்டி போன்ற மென்பொருளில் வேகத்தையும் சுருதியையும் சேர்த்தே குறையுங்கள். சுருதியை மட்டும் குறைத்தால் காலம் பிழையாகவே நிற்கும். திருத்தாத மூலக் கோப்பையும் தனியே வைத்திருங்கள்.

ஆண்டைப் பிடிப்பது

“எந்த ஆண்டு?” என்றால் ஒருவருக்கும் தெரியாது. “புயலுக்கு முதலா பிறகா?” என்றால் எல்லோருக்கும் தெரியும். 1964 மார்கழிப் புயல், 1974 தை தமிழாராய்ச்சி மாநாடு, 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது, 1987இல் இந்திய இராணுவம் வந்தது, 1990இல் யாழ்தேவி ரயில் நின்றது, 1995 ஐப்பசி இடப்பெயர்வு, 2002இல் ஏ9 பாதை திறந்தது. இவற்றை ஒரு தாளில் வரிசையாக எழுதிக்கொண்டு போங்கள். எந்த நிகழ்ச்சியையும் இதில் இரண்டுக்கு நடுவில் வைத்துவிடலாம்.

கல்வெட்டில் வரும் திதி வெண்பாவையும், இறந்த நாளைச் சொல்லும் அந்தச் செய்யுளையும், பயன்படுத்துங்கள். அதில் தமிழ் வருடப் பெயர், மாதம், திதி எல்லாம் இருக்கும். வருடப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒரு முறை திரும்பும். குரோதி என்றால் 1964-65 ஆகவும் இருக்கலாம், 2024-25 ஆகவும் இருக்கலாம். ஆளின் வயதை வைத்து எது என்று தெரிந்துவிடும். எங்களிடம் வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணிதமும் இரண்டும் வழக்கில் இருப்பதால் திதி சில வேளை ஒரு நாள் முன்பின்னாக வரும். இறப்புச் சான்றிதழ் இருந்தால் அதையே எடுங்கள்.

கடிதத்தில் திகதி கிழிந்து போயிருந்தாலும் தலைப்பு உதவும். ‘றேடியோ சிலோன்’ என்று இருந்தால் 1967க்கு முன். 1967இலிருந்து இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம். ஆங்கிலத் தலைப்பில் ‘சிலோன்’ என்பது ‘ஸ்ரீ லங்கா’ ஆனது 1972இல் குடியரசான பிறகு. அதேபோல இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் என்றால் 1974இலிருந்து 1978 வரை, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் என்றால் 1979 தொடக்கம்.

பள்ளிக்கூட ஆண்டு மலர்களும் அதிபரின் சம்பவத் திரட்டுப் புத்தகமும் நல்ல ஆதாரங்கள், அனுமதி கேட்டுப் பாருங்கள். பத்திரிகை என்றால் 1959இல் தொடங்கிய ‘ஈழநாடு’ பத்திரிகையில் ஊர்க் கச்சேரிச் செய்திகள் கிடைக்கும். பழைய கல்வெட்டுகள், விழா மலர்கள், நின்றுபோன சஞ்சிகைகளை ‘நூலகம்’ நிறுவனம் இணையத்தில் மின்வடிவில் வைத்திருக்கிறது. இங்கிருந்து கிளம்புமுன் வீட்டிலேயே அதில் தேடிவிடுங்கள், பாதி அலைச்சல் மிச்சம்.

இடமாற்றக் கடிதம் சொல்லும் கதை

எங்கள் சாகித்தியகர்த்தாக்களில் நிறையப் பேர் அரசாங்க ஆசிரியர்கள். அதனால் நியமனக் கடிதம், இடமாற்றக் கடிதம், ஓய்வூதியக் கோவை மூன்றும் கிடைத்தால் உத்தியோக வாழ்க்கையின் எலும்புக்கூடு கையில் வந்துவிடும். வீட்டார் இவற்றைப் பெறுமதியில்லாத கடதாசி என்று நினைப்பார்கள். ஓய்வூதியக் கோவையைத் தரச் சொல்லிக் கேளுங்கள்.

பிறகு ஒரு பெரிய தாளில் இரண்டு நிரல் போடுங்கள். இடப்பக்கம் எந்த ஆண்டு எந்த ஊரில் வேலை என்பது. வலப்பக்கம் பாட்டுகள், ஒவ்வொன்றும் எந்தத் தலத்தின் மேல் என்று. நயினாதீவு நாகபூஷணி, திருக்கேதீச்சரம், திருகோணமலைக் கோணேசர், செல்வச்சந்நிதி முருகன் என்று தலங்கள் வரும். மலைநாட்டில் நாலு வருடம் படிப்பித்தவர் அந்த நாலு வருடமும் ஊர்க் கோயிலைப் பற்றியே பாடியிருந்தால், அவர் அங்கே எப்படி இருந்தார் என்பதை நீங்கள் தனியாகச் சொல்லவே தேவையில்லை.

மாவிட்டபுரம், கீரிமலைப் பாட்டுகளுக்கு ஆண்டு தெரிந்தே ஆகவேண்டும். 1990இல் வலிகாமம் வடக்குச் சனம் வெளியேறிய பிறகு அந்தப் பக்கம் நெடுங்காலம் போக முடியவில்லை. 1985இல் மாவைக் கந்தன் மேல் பாடியவர் பின்னேரம் சைக்கிளில் போய்க் கும்பிட்டுவிட்டு வந்து பாடினார். 1993இல் பாடியவர் கோபுரம் நிற்கிறதா என்று தெரியாமல் பாடினார். வரி ஒன்றாகவே இருக்கும், கேட்கிறவருக்கு அது ஒன்றல்ல.

பட்டங்களும் பெயர்களும்

பட்டங்களைச் சுருக்கமாக முடித்துவிடுங்கள், ஆனால் வகை பிரித்து எழுதுங்கள். வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைகள் எழுதிப் பெற்ற கலாவித்தகர் ஒரு வகை. மருதனார்மடம் இராமநாதன் இசைக் கல்லூரியில் இருந்து படித்துப் பெற்றது இன்னொரு வகை. 1960களில் மகாராஜபுரம் சந்தானம் அங்கே அதிபராக இருந்திருக்கிறார், ஆகவே எந்த ஆண்டு யாரிடம் படித்தார் என்பதையும் கேளுங்கள். அரசாங்கம் கொடுக்கும் கலாபூஷணம் வேறு, கோயில் மேடையில் பொன்னாடையோடு கொடுத்தது வேறு. எல்லாம் மரியாதைக்குரியவைதான். ஒரே வரிசையில் அடுக்கினால் படித்துப் பெற்றதன் உழைப்பு தெரியாமல் போய்விடும்.

பாட்டு யாருடையது என்பதில் இதைவிடக் கூடுதல் கவனம் வேண்டும். மயிலாப்பூர்க் கற்பகாம்பாள் மேல் ‘கற்பகவல்லி நின் பொற்பதங்கள்’ என்ற ராகமாலிகை எல்லோருக்கும் தெரியும். டி.எம். சௌந்தரராஜன் குரலில்தான் தெரியும். அதை எழுதியவர் எங்கள் இணுவில் வீரமணி ஐயர். ராகத்தின் பெயரையே வரிக்குள் பொருளோடு பொருந்த வைத்து எழுதிய அந்தக் கை இணுவில் கை என்று தமிழ்நாட்டில் பாடுகிற எத்தனையோ பேருக்குத் தெரியாது. அவ்வளவு புகழ்பெற்ற பாட்டுக்கே இந்த நிலை என்றால், உங்கள் ஊர் ஆசிரியரின் பாட்டுக்கு என்ன ஆகும் என்று யோசியுங்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் வரி யாருடையது, மெட்டு யாருடையது, முதலில் பாடியவர் யார் என்று மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள். சில வேளை வரி கோயில் புலவருடையதாகவும் மெட்டு மட்டும் ஆசிரியருடையதாகவும் இருக்கும். அதை மறைத்து எழுதினால் புலவருக்குச் செய்யும் அநியாயம்.

வெளிநாட்டில் இருக்கும் மாணவர்களிடமும் கேளுங்கள். லண்டனிலும் ரொறன்ரோவிலும் நடந்த அரங்கேற்றங்களுக்கு மலர் அச்சிட்டிருப்பார்கள். அதில் உருப்படி, ராகம், தாளம், இயற்றியவர் எல்லாம் இருக்கும். வட்ஸ்அப்பில் குரல் செய்தியாகப் பாடி அனுப்பச் சொல்லவேண்டாம், ஒலி நெரிபட்டு வரும். போனில் தனியாகப் பதிந்து கோப்பாக அனுப்பச் சொல்லுங்கள்.

எழுத இருக்கும்போது

‘இன்ன ஊரிலே இன்னாருக்கும் இன்னாருக்கும் மூத்த மகனாக’ என்று தொடங்கும் வழக்கம் கல்வெட்டோடு நிற்கட்டும். பாட்டுப் பட்டியலை முதலில் முடியுங்கள். முதல் வரி, ராகம், தாளம், எடுப்பு, தலம் அல்லது பொருள், முத்திரை (பாட்டுக்குள் அவர் வைக்கும் தன் அடையாளச் சொல்), முதலில் பாடிய இடம், எங்களுக்கு யாரிடமிருந்து கிடைத்தது. இந்தப் பட்டியல்தான் புத்தகத்தின் முதுகெலும்பு. அத்தியாயங்களை அவர் வேலை செய்த காலங்களாகப் பிரியுங்கள். கலியாணமும் பிள்ளைகளும் வேலையோடு தொட்ட இடத்தில் வரட்டும்.

‘தன்னிகரற்ற’, ‘இசைக்கடல்’ என்ற சொற்கள் வரும்போது பேனையை வைத்துவிட்டு, அதற்கு நீங்கள் வைத்திருக்கும் ஆதாரம் எந்தப் பாட்டு என்று கேளுங்கள். பாட்டு இருந்தால் அந்தப் பாட்டை எழுதுங்கள், சொல் தேவைப்படாது. திருவையாற்றோடு ஒப்பிடவும் வேண்டாம். கிழமை முழுக்கப் படிப்பித்து, சனிக்கிழமை ஒத்திகை வைத்து, ஷெல் சத்தத்துக்கு நடுவில் பிலகரிக்கு ஒரு நிஷாதம் தேடிய மனிதருக்கு அவருடைய அளவே பெரிய அளவுதான்.

குடும்பத் தகராறு, சாதிப் பேச்சு, மாணவரோடு மனக்கசப்பு எல்லாம் காதில் விழும். பாட்டையோ வேலையையோ மாற்றிய விஷயம் என்றால் சம்பந்தப்பட்டவரிடம் கேட்டு, சம்மதத்தோடு எழுதுங்கள். உதாரணமாக ஒருவரை மேடையில் வாசிக்க விடாமல் தடுத்தார்கள் என்றால் அது எழுதப்படத்தான் வேண்டும். மற்றதை விடுங்கள்.

அனுமதியும் பிரதிகளும்

இலங்கைச் சட்டப்படி ஒருவரின் ஆக்கத்துக்கு அவர் இறந்து 70 ஆண்டு வரை பதிப்புரிமை உண்டு. ஆகவே வரியையும் ஸ்வரத்தையும் அச்சிட வாரிசுகளின் எழுத்து அனுமதி வேண்டும். வாய்ச் சம்மதத்தோடு நின்றுவிடாமல், ஒரு பக்கக் கடிதமாக எல்லாப் பிள்ளைகளிடமும் கையெழுத்து வாங்குங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் ஸ்கேன் செய்து அனுப்பலாம்.

அச்சிட்டதும் யாழ்ப்பாணப் பொது நூலகம், திருநெல்வேலியில் பல்கலைக்கழக நூலகம், மருதனார்மடத்து நுண்கலைப் பகுதி, அவர் படிப்பித்த பள்ளிக்கூடங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரதி கொடுங்கள். மின்பிரதியையும் ஒலிக் கோப்புகளையும் நூலகம் நிறுவனத்துக்குக் கொடுங்கள். கோப்பின் பெயரில் பாட்டின் முதல் வரி, பாடியவர், பதிந்த ஆண்டு மூன்றும் இருக்கட்டும். ‘புது ரெக்கோடிங் 14’ என்று இருந்தால் ஒருவரும் திறக்கமாட்டார்கள்.

அந்த அனுமதிக் கடிதத்தில் இன்னொரு வரியும் சேர்க்கச் சொல்லி வாரிசுகளைக் கேளுங்கள்: பள்ளிக்கூடப் பிள்ளைகள் போட்டியிலோ கோயிலிலோ இந்தப் பாட்டுகளைப் பாட யாரிடமும் தனியாக அனுமதி கேட்கத் தேவையில்லை என்று. நான் கேட்டபோது ஐயாவின் மகள் உடனே கையெழுத்துப் போட்டார். அடுத்த தமிழ்மொழித் தினப் போட்டிக்குக் குழு இசையில் பிள்ளைகள் அந்தப் பிலகரிக் கீர்த்தனையைத்தான் எடுத்தார்கள். கட்டைவிரல் மடியும்போது எடுப்பது எப்படி என்று அவர்களுக்குக் காட்டிக் கொடுக்க வயலின் அக்காவையும் கூட்டிக்கொண்டு போனேன்.